ஆறாவது ஆளின் சம்பளம்

“நாமெல்லோரும் ஒரே குடும்பம்” என்னும் சொல் காப்பார், மேரு, கிள்ளான் வட்டாரங்களிலுள்ள சிறு கம்பெனிகளில் பெருவழக்காய் வழங்கி வருகிறது. தச்சுப் பட்டறை, லோரிக் கம்பெனி, துறைமுகச் சரக்கு அனுப்பும் அலுவலகம், அச்சகம், சாமான் கிடங்கு என எங்கு நோக்கினும், ஐந்து பேரும் பத்துப் பேருமாய் உழைக்கும் இவ்விடங்களில் முதலாளி தம்மை அண்ணன் என்கிறார். ஆட்களைத் தம்பி என்கிறார். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் இக்குடும்பத்தில் இலாபம் யாருக்கு, இராத்திரி விழிப்பு யாருக்கு என்று விசாரிக்கப் புகுந்தால், அண்ணனுக்கு ஒரு நியாயமும் தம்பிக்கு ஒரு நியாயமும் இருப்பது தெற்றென விளங்கும். ஆகவே இந்த இனிய சொல்லின் உட்பொருள் யாதென்பதைச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

இத்தகைய கம்பெனி ஒன்றின் நிலைமை எப்படியிருக்கும்? கணக்கெழுத வந்த பெண்ணே தொலைபேசிக்குப் பதில் சொல்லவேண்டும். சரக்கை எண்ணி இறக்கவேண்டும். கடன் பாக்கிக்காரர்களிடம் முதலாளி சார்பில் மன்றாடவும் வேண்டும். லோரி ஓட்ட வந்தவரே மூட்டை சுமக்கவேண்டும். அவரே பழுது பார்க்கவும் வேண்டும். கிடங்கின் சாவி முதலாளி பையில்; காசோலையில் கையொப்பமிட முதலாளி ஊரில் இல்லை; காலையில் இட்ட உத்தரவு மத்தியானம் மாறும்; மாலையில் அதற்கும் மாறாக வேறொன்று வரும்; தவறு நேர்ந்தால் மட்டும் அது ஆளின் தலையில் விடியும். ஒருவர் பொறுக்கமாட்டாமல் விலகிவிட்டால், “ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம், அதுவரையில் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லப்படுகிறது. அந்த ‘அதுவரை’ என்பது மாதக்கணக்கில் நீண்டு வருஷமாகிறது. தேடப்படும் ஆள் வருவதேயில்லை. ஏன் வருவதில்லை என்பதுதான் நமது கேள்வி.

வராததற்குக் காரணம் நாட்டில் ஆள் இல்லாமையன்று. வராத ஆளின் வேலை நடந்துகொண்டே இருப்பதுதான் காரணம். ஆள் பற்றாக்குறை என்பது பல முதலாளிகளுக்குத் தலைவிதியால் நேர்ந்த துன்பமன்று; அது ஒரு வருமானம். இதைக் கணக்கிட்டே காட்டுவோம்.

இந்நாட்டில் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியிலிருந்து, ஐவரும் அதற்கு மேற்பட்டவரும் வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று சர்க்கார் விதித்தது. ஐவருக்குக் குறைந்த இடங்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து அவ்விதி வந்தது. சட்டத்தின் கணக்குப்படி இத்தொகையை 26 நாளால் வகுத்து, வந்ததை நாளொன்றின் 8 மணியால் வகுத்தால், ஒரு மணிக்கு 8 வெள்ளி 17 காசு வரும். குறித்த நேரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் இதன் ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 காசு கொடுத்தாகவேண்டும். ஐந்து பேருள்ள பட்டறையில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஒரே ஒரு மணி நேரம் கூலியில்லாமல் அதிகப்படியாய் உழைப்பதாக வைத்துக்கொள்வோம். 26 நாளைக்கு ஒருவர் இழப்பது ஏறக்குறைய 318 வெள்ளி. ஐவரும் இழப்பது 1,590 வெள்ளிக்கு மேல். இஃது எதற்குச் சமம்? பட்டறைக்கு வராமலேயிருக்கும் அந்த ஆறாவது ஆளின் மாதச் சம்பளத்துக்கு ஏறத்தாழச் சமம்! ஆறாவது ஆள் வரவில்லை என்பது பொய். அவன் தினமும் வருகிறான். ஐவரின் முதுகில் ஏறிக்கொண்டு வருகிறான். அவனுடைய சம்பளம் மட்டும் முதலாளியின் பெட்டியில் தங்கிவிடுகிறது.

தீபாவளி வந்தால் இதே முதலாளி ஆளுக்கொரு பலகாரப் பெட்டியும் ஐம்பது வெள்ளியும் கொடுத்து, “நம் பிள்ளைகளுக்கு என்ன குறை வைத்தோம்?” என்று பெருமிதம் கொள்கிறார். கோயில் திருவிழாவில் உபயம் செய்கிறார். கல்லில் பெயர் வெட்டிக்கொள்கிறார். பொதுமேடையில் மாலை சூடுகிறார். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் முன்னோர் சொன்னது இத்தகையோரைக் கருதித்தான் போலும். அவருக்கு மாலையிடும் நம் சங்கத்தார், ஆட்களின் சம்பள பாக்கியைத் தீர்த்துவிட்டாரா என்று ஒரு முறையேனும் கேட்டதுண்டா?

சட்டம் இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் உண்டு. வாரத்துக்கு 48 மணி என்றிருந்த வேலை நேரம் 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் 45 மணியாகக் குறைக்கப்பட்டது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் உழைத்தவர்க்கு அரை மணி ஓய்வு தரவேண்டும். வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு வேண்டும். மிகுதி வேலை மாதத்தில் 104 மணிக்கு மேற்படலாகாது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வரவேண்டும். 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரர் எவருக்கும் மிகுதி நேரக் கூலி உண்டு. 1951-ஆம் ஆண்டு தொடங்கிய சேமநிதிக்கென்று ஆளிடம் பிடித்த பணத்தை நிதியில் கட்டாமல் வைத்துக்கொள்வது குற்றம். இவ்வளவும் இருந்தும், குடும்பம் என்ற ஒரு சொல் இவ்வளவு சட்டத்தையும் வாசற்படிக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. அண்ணனிடம் யாராவது மணிக்கணக்குக் கேட்பார்களா? தம்பிக்கு யாராவது சம்பளச் சீட்டுக் கொடுப்பார்களா?

இந்தத் தந்திரம் புதிதன்று. நம் பாட்டன் பூட்டன்மாரை இந்நாட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த கங்காணியும் உறவுமுறை சொல்லித்தான் அழைத்து வந்தான். மாமன் என்றும் மச்சான் என்றும் ஊர்க்காரன் என்றும் கூப்பிட்டு, கப்பலேற்றி, லயத்தில் குடிவைத்து, விடியற்காலைப் பெரட்டில் நிறுத்தினான். தன் கீழுள்ளவர் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனைக்குத் தக்கபடி அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. உறவு நாவில் இருந்தது. காசு மடியில் இருந்தது. துரை போனார், கங்காணி போனான், லயங்கள் பலவும் இடிந்தன. காப்பார் சாலையோரத்துத் தோட்டங்கள் பல தொழிற்பேட்டைகளாயின. ஆனால் கங்காணியின் நாக்கு மட்டும் சாகவில்லை. அது குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு இன்றும் மச்சான் என்றே பேசுகிறது.

அந்த நாக்குக்கு மறுமொழி சொன்னவர்களும் இம்மண்ணிலேயே இருந்தார்கள். 1941-ஆம் ஆண்டில் காப்பார் அடங்கிய இதே கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்றனர். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, குழந்தைகளுக்குப் பள்ளி, சரியான வைத்தியம், கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டாமென்னும் உரிமை ஆகியவற்றோடு, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழியவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. மே மாதம் 6-ஆம் தேதி நாதன் கைதானார். பிறகு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது; துப்பாக்கி வெடித்தது; தொழிலாளர் உயிர்கள் பலியாயின. எழுத்தறியாதவரென்று இகழப்பட்ட அக்கூலிகள் உயிரைக் கொடுத்துக் கேட்ட மணிக்கணக்கை, படித்துப் பட்டம் பெற்ற அவர்கள் பேரப்பிள்ளைகள் ஒரு பலகாரப் பெட்டிக்கு விட்டுக்கொடுப்பதென்றால் இதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

நிற்க. சிறு முதலாளியின் பக்கமும் ஒரு வழக்குண்டு, அதையும் கேட்போம். “பெரிய கம்பெனிகள் எங்களுக்குப் பணம் கொடுக்க மூன்று மாதம் இழுத்தடிக்கின்றன, கடை வாடகை ஏறுகிறது, வங்கி கழுத்தைப் பிடிக்கிறது, நாங்கள் எப்படி ஆள் சேர்ப்பது?” என்கிறார்கள். இதில் உண்மையுண்டு; நாம் மறுக்கவில்லை. சிறு தொழில் நடத்துவோர் படும் பாட்டையும் நாம் அறிவோம். ஆனால் அவர்களை ஒன்று கேட்கிறோம். வாடகைக்காரர் பொறுப்பாரா? வங்கி பொறுக்குமா? மின்சாரக் கட்டணத்தைக் குடும்ப பாசத்தால் தீர்க்கமுடியுமா? முடியாதென்றால், எல்லோரினும் ஏழையான வேலையாள் மாத்திரம் ஏன் வட்டியில்லாமலும் பத்திரமில்லாமலும் கடன் கொடுக்கவேண்டும்? நட்டத்தில் பங்காளியாய் இருப்பவனை இலாபத்தில் கூலிக்காரனாய் வைப்பது எந்த ஊர்க் குடும்ப தர்மம்? ஆறாவது ஆளின் சம்பளத்தைத் திருடினாலொழிய நடவாத தொழில், தொழிலே அன்று. அதை ஒழுங்காய் நடத்தக் கற்கவேண்டும்; இல்லையேல் ஐந்து பேருக்குத் தக்க வேலையை மட்டும் ஏற்கவேண்டும்.

இனி வேலையாட்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அது கசப்பாயிருந்தாலும் சொல்லவேண்டும். “நான் இல்லாவிட்டால் கம்பெனி ஒருநாளும் நடக்காது” என்று பெருமை பேசும் பழக்கம் நம்மவரிடம் மிகுந்திருக்கிறது. அந்தப் பெருமைதான் முதலாளியின் முதல். நல்ல வேலையாள் ஓடியோடிப் பொத்தலை அடைப்பதனாலேயே கூரை பொத்தலென்பது முதலாளி கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. காய்ச்சலோடு வேலைக்கு வருபவரும், பிள்ளையின் பள்ளி விழாவை விட்டு வருபவரும், தூக்கமில்லாக் கண்ணோடு அறுப்பு இயந்திரத்தின் முன் நிற்பவரும் கம்பெனியைக் காப்பாற்றவில்லை. அதன் கேட்டையே காப்பாற்றுகிறார்கள். விரல் போனபின் அண்ணன் கண்ணீர் விடுவார்; விரல் முளைக்காது.

பக்கத்தில் நிற்கும் வங்காளதேசத்துக்காரரையும் நேப்பாளத்துக்காரரையும் பகைப்பதும் பயனற்றது. அன்று தமிழனுக்கொரு கூலி, சீனனுக்கொரு கூலி என்று வைத்துப் பிரித்தாண்டவர்களின் வித்தையே அது. அவர் முதுகிலும் ஆறாவது ஆள் ஏறித்தான் இருக்கிறான்.

செய்யத்தக்கது யாது? தனித் தொழிற்சங்கம் பதிய 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுவராவது வேண்டும். ஐந்து பேர் பட்டறைக்கு அது கைகூடாது. ஆயினும் தம் தொழிலுக்குரிய பொதுச் சங்கத்தில் சேரத் தடையில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டுமென்பது சட்டம். அதைக் கேட்டு வாங்குக. வந்த மணியும் போன மணியும் தேதியிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்று எழுதுக. சேமநிதிக் கணக்கை மாதந்தோறும் பார்க்க. சம்பளச் சீட்டில்லாமல் சம்பளம் வாங்காதிருக்க. ஐவரும் சேர்ந்து, “இன்னும் எத்தனை நாளில் ஆள் வரும்?” என்று தேதி கேட்க. தேதி தவறினால் அந்த நோட்டோடு தொழிலாளர் இலாகாவின் படியேறுக. அங்கே சம்பள வழக்குக்கு வக்கீல் வைக்கவேண்டுமென்ற கட்டாயமில்லை. ஒருவராய்ப் போனால் நன்றி கெட்டவன் என்பார்கள். ஐவராய்ப் போனால் கணக்கை எடுப்பார்கள்.

குடும்பம் என்னும் சொல்லை நாம் வெறுக்கவில்லை. குடும்பமென்றால் வரவும் செலவும் எல்லோர் கண்ணுக்கும் தெரியட்டும். இலாபமும் எல்லோர் இலைக்கும் வரட்டும். அதற்குச் சம்மதமில்லாத முதலாளி, அண்ணன் வேஷத்தைக் கலைத்துவிட்டு முதலாளியாகவே நின்று, சட்டப்படி கூலியைக் கொடுக்கட்டும். நமக்கு அது போதும்.