மருந்தின் மிகையும் பாறையின் பிளவும்

பாறையைப் பிளப்பது வெடிமருந்தின் பலமே. ஆதலின், கல் செவ்வனே உடையாதவிடத்து மருந்தைக் கூட்டுவதே வழி என்னும் எண்ணம் கல்லுடைப்புத் தொழிலில் வேரூன்றி நிற்கின்றது. அனுபவத்தின் பெயரால் நிலைநாட்டப்படும் இவ்வெண்ணம் பாறையின் இயல்புக்கு மாறானது.

பாறை அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதன் இழுவை வலிமை, அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே. மருந்து வெடித்ததும் துளைச்சுவரையொட்டிய சிறு வலயம் மட்டுமே நொறுங்கித் தூளாகின்றது. அதற்கப்பால், வெளிநோக்கிச் செல்லும் அமுக்க அலை பாறையை வட்டவாக்கில் இழுப்பதால், துளையிலிருந்து ஆரைவழிப் பிளவுகள் தோன்றுகின்றன. திறந்த முகத்தை அடைந்த அலை, இழுவை அலையாகத் தெறித்து மீள்கின்றது. பின்தொடரும் வாயு பிளவுகளுட் புகுந்து, ஆப்புப்போல் அவற்றை அகட்டி நீட்டுகின்றது.

அலையா, வாயுவா என்னும் வாதம் நெடுங்காலம் நிகழ்ந்தது. ஜப்பானிய அறிஞர் ஹினோ 1959 இல் வெளியிட்ட நூலில் தெறித்த அலைக்கே முதன்மை தந்தார். 1971 இல் குட்டரும் பெயர்ஹேர்ஸ்றும் அலை தொடக்கிய பிளவை வாயு வளர்க்கின்றதென விளக்கினர். எக்கொள்கையை ஏற்பினும், பாறை பிளப்பது இழுவையினாலேயே என்பது உறுதி.

எனவே, திறந்த முகம் தொலைவிலிருக்க மருந்தை மட்டும் கூட்டுவதாற் பயன் யாது? தூளே மிகும், எஞ்சிய சக்தி நில அதிர்வாக அயல் வீடுகளைச் சென்றடையும். துளைவாய் நன்கு அடைக்கப்படாவிடின், பிளவை வளர்க்கவேண்டிய வாயு வெளியேறிக் கற்களை வீசும்.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் பழைய உருமாறிய பாறைகளாலானது. அவற்றின் படையமைப்பும் மூட்டுகளும் பிளவின் திசையை மாற்றும். சிலவிடத்துத் தடுத்தும் நிறுத்தும். துளையிடும் தொழிலாளி இதனைக் கையால் அறிவான். மருந்தின் அளவைத் தீர்மானிப்பவரோ பெரும்பாலும் அவனல்லர்.

வீட்டுச் சுவர் வெடித்ததென முறையிடுவோரிடம், "உங்கள் அத்திவாரம் பலவீனமானது" என்பது வழக்கமான மறுமொழி. சில சுவர்கள் வேறு காரணங்களால் வெடிப்பதுண்டு என்பது மெய்யே. ஆயின், அதிர்வைக் கருவியால் அளந்தறிய இயலும். அளவாமலே மறுப்பது அறிவியலுமன்று, நீதியுமன்று.

முகத்தின் தூரத்தைக் கணித்தல், துளைவாயை அடைத்தல், துளைகளைச் சில மில்லிசெக்கன் இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்கச்செய்தல் ஆகியன செலவுமிக்கவை என்பர். அச்செலவு எவ்வாற்றானும் ஒழிவதில்லை. கணிப்போர் அதனைத் தாமே ஏற்கின்றனர். மருந்தைக் கூட்டுவோர் அயலவர் தலையிற் சுமத்துகின்றனர்.