தலைவர் நாற்காலி



தோட்டத்துக் கோயிலின் ஆண்டுப் பொதுக்கூட்டம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கணக்குப் புத்தகமா, கைகலப்பா? சிரிக்காதீர்கள். திருவிழாச் செலவில் 300 வெள்ளி இடிக்கிறது என்று தொடங்கும் பேச்சு, அரைமணி நேரத்தில் "உன் அப்பன் யோக்கியதை எனக்குத் தெரியாதா?" என்பதில் வந்து நிற்கிறது. அப்புறம் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொரு வீட்டார் போவதில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பேசிக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் விழிக்கிறார்கள். அதைப் பார்ப்பவர் வாத்தியார்தான்.

படித்தவர்கள் கூட்டத்தில் இப்படியெல்லாம் நடக்காது என்று எண்ணிவிட வேண்டாம். 1863-இல் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட் நகரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும்படி ஹென்றி ராபர்ட் என்ற இராணுவப் பொறியாளரைக் கேட்டுக்கொண்டார்கள். கூட்டம் அவர் கைக்கு அடங்கவில்லை. வெட்கப்பட்டுப்போன மனிதர், கூட்டம் நடத்தும் முறைகளைத் தேடித் தேடிப் படித்து, 1876-இல் ஒரு கையேடே வெளியிட்டுவிட்டார்.

அதிலுள்ள ஒரு விதி நமக்கென்றே எழுதியது போலிருக்கிறது. பேசுகிறவர் எதிராளியைப் பார்த்துப் பேசக் கூடாது. தலைவரை நோக்கியே பேச வேண்டும். "பணத்தை எங்கேடா வைத்தாய்?" என்பதைத் தலைவரிடம் சொல்லிப் பாருங்கள். "தலைவர் அவர்களே, பந்தல் செலவுக்கு ரசீது உண்டா என்று பொருளாளரைக் கேட்க விரும்புகிறேன்" என்றுதான் வரும். பாதிக் கோபம் வாயிலேயே கரைந்துவிடும்.

இன்னொன்று: பேசாதவர் ஒருவர் காத்திருக்க, பேசியவருக்கே மறுபடி வாய்ப்புத் தரக் கூடாது. இதைக் கடைப்பிடித்தால் பின்வரிசைப் பெண்கள் வாய் திறப்பார்கள். அன்னதானத்துக்கு அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள். எத்தனை மூட்டை அரிசி வெந்தது என்பது பொருளாளரைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்!

தலைவராக இருப்பவருக்கும் சில வார்த்தைகள். நீங்கள் கத்தினால் கத்துகிறவர்களில் இன்னொருவர் கூடினார், அவ்வளவுதான். புகார் உங்கள் மீதே என்றால் நாற்காலியை விட்டு எழுந்து, அந்த விஷயம் முடியும்வரை வேறொருவரை உட்கார வையுங்கள். சூடு ஏறினால் பத்து நிமிடம் தேநீருக்கு விடுங்கள். கூட்டத்தை ஞாயிறு காலையிலேயே வையுங்கள்; மாலையில் ஊற்றிக்கொண்டு வருகிறவருக்கு விதி ஏது?

சண்டைக்குப் பயந்து, ஐந்தே நிமிடத்தில் கைதட்டிக் கணக்கை நிறைவேற்றிவிடும் தலைவர்களும் இருக்கிறார்கள். அதைச் சமாதானம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூட்டத்தில் அடக்கிய கேள்வி கடைவாசலுக்குப் போகும். அங்கே 300 வெள்ளி 3,000 ஆகும்.

உங்கள் கோயில் நிர்வாகம் சங்கமாகப் பதிவு பெற்றதா? அப்படியானால் இது வெறும் மனக்கசப்போடு நிற்காது. 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். முறையான நிர்வாகிகள் யார் என்றே தெரியாத அளவுக்குத் தகராறு முற்றினால், அதைத் தீர்த்ததற்கோ தீர்க்க வழக்குத் தொடுத்ததற்கோ ஒரு மாதத்துக்குள் ஆதாரம் காட்டும்படி பதிவதிகாரி நோட்டீசு விடலாம். காட்டாவிட்டால் பதிவையே ரத்துச் செய்யலாம். பாட்டன் காலத்தில் கூலியில் பிடித்துக் கட்டிய கோயிலுக்கு இந்தக் கதி வேண்டுமா?

ஆகவே செயலாளர் கூட்டக் குறிப்பை ஒழுங்காக எழுதட்டும். கலையுமுன் முடிவுகளை உரக்க வாசிக்கட்டும். எதிர்த்துப் பேசியவர் சொன்னதும் அவர் பெயரோடு அதில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு அவர் முதல் ஆளாக வந்து, "போன வருஷம் நான் சொன்னதை எழுதியிருக்கிறீர்களா?" என்று கேட்பார். பக்கத்தைப் புரட்டிக் காட்ட வேண்டும்.