மணிமுடி சூடிய பூக்காரன்

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களிடம் பிடித்த பாத்திரம் எது என்று கேட்டால் வந்தியத்தேவன், குந்தவை, நந்தினி என்று பெயர்கள் வரிசையாக வரும். சேந்தன் அமுதனைச் சொல்பவர் அபூர்வம். தஞ்சையில் பூத்தொடுத்து, தேவாரம் பாடி, வாய் பேச முடியாத தாய் வாணியோடு வாழும் இளைஞன் அவன். ஊருக்குப் புதிதாக வந்த வந்தியத்தேவனுக்குத் தங்க இடம் தருகிறான். கதையில் அவனுக்கு அவ்வளவுதான் வேலை என்றே முதலில் தோன்றும். ஆனால் ஐந்து பாக நாவலின் பாரம் கடைசியில் வந்து இறங்குவது அவன் தோளில்தான்.

சரித்திர நாவல் எழுதுபவருக்கு ஓர் இக்கட்டு உண்டு. முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவான், உத்தம சோழன் பட்டத்துக்கு வருவான், கரிகாலனின் தம்பி அருள்மொழி 985இல்தான் ராஜராஜனாக அரியணை ஏறுவான். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் இத்தொடரை எழுதிய ஆசிரியர் கல்கியால் இதில் எதையும் மாற்ற முடியாது. போதாததற்குத் திருவாலங்காட்டுச் செப்பேடு இன்னொரு முடிச்சையும் போட்டிருக்கிறது. குடிமக்கள் வேண்டியும், சிற்றப்பன் உத்தம சோழனுக்கு நாடாளும் ஆசை இருந்ததால் அருள்மொழி விலகிக்கொண்டான் என்கிறது அது.

ஆசைப்பட்டவனிடம் நாட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது தியாகமா, ஏமாளித்தனமா? வாசகர் மனத்தில் எழக்கூடிய இந்தக் கேள்வியைக் கல்கி சமாளித்த விதம் அசாத்தியமானது. உத்தம சோழன் என்ற ஒரே சரித்திர மனிதரை அவர் இரண்டாகப் பிரித்தார். அரியணைக்காகச் சதி செய்யும் மதுராந்தகன் அரண்மனையில் வளர்கிறான். அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகனோ, பிறந்தவுடன் இறந்துவிட்டதாகக் கருதப்பட்டு, வாணியின் கையில் சேந்தன் அமுதனாக வளர்கிறான். முடிசூட்டு நாளில் அருள்மொழி தன் தலைக்கு வந்த கிரீடத்தை எடுத்து அமுதன் தலையில் வைக்கிறான். சிவத்தொண்டைத் தவிர எதையும் விரும்பாதவனுக்குக் கொடுத்ததால்தான் அந்தச் செயல் ஐந்தாம் பாகத்தின் 'தியாகச் சிகரம்' என்ற தலைப்புக்குத் தகுதி பெறுகிறது. நாயகனின் பெருமை, நாயகன் அல்லாத ஒருவனின் குணத்தில் நிற்கிறது.

பூங்குழலியும் இப்படித்தான். கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனை இலங்கைக்குப் படகில் கொண்டுசேர்ப்பவள் என்று அவளைச் சுருக்கிவிடலாம். ஆனால் அவள் சீண்டியதால்தான் அருள்மொழியை விரும்பும் இளவரசி வானதி, தான் ஒருநாளும் சிம்மாசனத்தில் அமர்வதில்லை என்று சபதம் செய்கிறாள். அருள்மொழி மீது கொண்ட ஆசையைக் கைவிட்டு, பூத்தொடுக்கும் அத்தை மகனே போதும் என்று வந்த ஓடக்காரப் பெண், அவனால் சோழ நாட்டு அரசியாகிறாள். கல்வெட்டில் இடமில்லாத இவர்களை என்ன செய்வது என்பது மட்டுமே கல்கியின் முழு உரிமை. நாவலின் எதிர்பாராத திருப்பங்கள் பலவும் அவர்களிடம் இருப்பதற்கு இதுவே காரணம்.

துணைப் பாத்திரம் கதையைத் தாங்குவது சரித்திர நாவலுக்கு மட்டும் உரியதல்ல. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' பாபு, யமுனா என்றே பேசப்படுகிறது. பக்கத்து வீட்டுக் கிழவரின் இளம் மனைவி தங்கம்மா வந்துபோவது கொஞ்சப் பக்கங்களில்தான். அவளுடைய முடிவு பாபுவின் மனத்தில் விட்டுச்செல்லும் உறுத்தல் இல்லாவிட்டால், அவன் வெறும் காதல் நோயாளியாக நின்றுவிடுவான்.

2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னம் எடுத்த இரண்டு 'பொன்னியின் செல்வன்' படங்களும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம் ஓடியும் அமுதனின் இழை அறுந்துபோனது வருத்தத்துக்குரியது. அமுதன் படத்தில் இருக்கிறான். ஆனால் குழந்தை மாறிய கதை இல்லை. ரகுமான் நடித்த மதுராந்தகனே முடிசூடுகிறார். செப்பேட்டுக்கு இதுதான் நெருக்கம் என்று வாதாடலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் எதற்காக இந்த விட்டுக்கொடுத்தல் என்ற கேள்விக்குக் கல்கி தந்த பதில் படத்தில் காணாமல் போய்விட்டது. கிரீடம் கைமாறும் காட்சி கண்ணுக்கு அழகாக இருக்கிறது, நெஞ்சைத் தொடவில்லை.

இந்த நாவலை நாளை யாராவது நீண்ட இணையத் தொடராக எடுக்கத்தான் போகிறார்கள். போர்க்களத்துக்குச் செலவிடும் நேரத்தில் கொஞ்சம் எடுத்து வாணியின் குடிசைக்குக் கொடுத்தால், முடிசூட்டு விழாவைத் தனியாக உயர்த்திப் பிடிக்கப் பின்னணி இசை தேவைப்படாது.