செங்கல் கதையும் விடுபட்ட பெயர்களும்

ஜெர்ரி ரைஸ் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் செங்கல்லில்தான் தொடங்குகின்றன. மிசிசிப்பி மாநிலத்தில் கிராஃபோர்ட் என்னும் சிற்றூர், கொத்தனாராகிய தந்தை, கோடை வெயிலில் சகோதரர்கள் எறியும் செங்கற்களைச் சாரத்தின் மேல் நின்று பிடிக்கும் சிறுவன். அந்தக் கைகளே பின்னாளில் அமெரிக்கக் கால்பந்தின் ஒப்பற்ற 'வைட் ரிசீவரை' உருவாக்கின என்று கட்டுரையும் முடிந்துவிடும். கதை பொய்யல்ல, ரைஸே சொன்னதுதான். அது எதை மறைக்கப் பயன்படுகிறது என்பதே நம் கேள்வி.

வைட் ரிசீவர் என்பவர் களத்தின் ஓரத்திலிருந்து ஓடிச்சென்று பந்தைப் பிடிப்பவர். எறிபவர் குவார்ட்டர்பேக். எறிய ஆளும், எறியச் சொல்லும் துணிவுள்ள பயிற்சியாளரும் இல்லையெனில், எத்தனை செங்கல் பிடித்த கையும் வெறுங்கைதான். மிசிசிப்பி வேலி மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவ்விருவரும் இருந்தனர். பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி ரிசீவர்கள் நால்வரை ஒரே பக்கத்தில் வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொரு நகர்வுக்கும் முன் வீரர்கள் வட்டமாகக் கூடிப் பேசும் வழக்கத்தையே கைவிட்டார். எதிரணி மூச்சு வாங்குமுன் வில்லி டாட்டன் அடுத்த பந்தை எறிந்திருப்பார். 1983 இல் சதர்ன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ரைஸ் பிடித்தவை 24. 1984 பருவத்தில் அவர் பிடித்த டச்டவுன்கள் 27. டாட்டன் எறிந்தவையோ 56. ஆட்டத்துக்கு ஏறத்தாழ 60 புள்ளிகள் குவித்தது அந்த அணி.

உடனே ஒரு முணுமுணுப்பு எழும்: எதிரணிகள் எளியவை, அது இரண்டாம் தட்டு. அந்தத் தட்டுகளை வகுத்தது யார்? வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவுகள் கறுப்பின மாணவருக்கு மூடியிருந்த 1950 இல் திறக்கப்பட்ட கல்லூரி அது. ஒதுக்கி வைத்துவிட்டு, ஒதுக்குப்புறத்தில் ஆடியவன் என்று மதிப்பெண் குறைப்பது எந்த ஊர் நியாயம்? 1984 ஹைஸ்மன் விருதுக்கான வாக்கெடுப்பில் ரைஸுக்கு ஒன்பதாம் இடமே கிடைத்தது. 1985 இல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு முன்னரே இரண்டு ரிசீவர்கள் அழைக்கப்பட்டனர். பதினாறாவது ஆளாக அவரை சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்துக்கொண்டது.

2004 உடன் முடிந்த அவரது தொழில்முறை ஆட்டக் கணக்கு 1,549 பிடிப்புகள், 22,895 யார். இன்றும் எவரும் எட்டாத எண்கள். முணுமுணுப்பு அடங்கியது. ஆனால், வேலியின் கணக்கைத் திரும்பப் பார்த்துத் தம் தவற்றை ஒப்புக்கொண்டவர் எத்தனை பேர்? மாறாக, செங்கல்லைக் கொண்டுவந்தார்கள். கூலியின் சிந்தனை என்று எழுதவேண்டிய இடத்தில் கூலிவேலை என்று எழுதினார்கள் (சிலேடைக்கு மன்னிக்க). கறுப்பின வீரனென்றால் உடலையும் உழைப்பையும் மெச்சுவார்கள். ஒரு சிறு கல்லூரியின் கரும்பலகையில் வரையப்பட்ட திட்டத்தை மெச்ச மனம் வராது. டாட்டனுக்குத் தொழில்முறை லீகில் வாய்த்ததோ, 1987 இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பஃபலோ அணிக்காக ஆடிய ஓரிரு ஆட்டங்கள். அவருக்கென ஒரு செங்கல் கதை இல்லாததால் கட்டுரையாளர்கள் அவரைத் தேடிப் போகவுமில்லை.

இட்டா பெனாவில் உள்ள அக்கல்லூரியின் மைதானத்துக்கு இன்று ரைஸ்–டாட்டன் அரங்கம் என்று பெயர்.