படம் யாருக்குச் சொந்தம்?

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த வேலைக்காக ஒரு நாதஸ்வர வித்வானைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் தேடினாள். விஷயம் இருந்தது, படம் இல்லை. "இன்டர்நெட்ல எவ்வளவோ படம் இருக்கேம்மா" என்று ஒன்றை எடுத்து அவளே ஏற்றிவிட்டாள். இரண்டே நாளில் நீக்கிவிட்டார்கள். குழந்தை முகம் வாடிப்போனது. எனக்கும் கோபம்தான்.

விசாரித்த பிறகே புரிந்தது. 1957-ம் வருட பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாக போட்டோ எடுத்தவருக்கே உரிமை. எடுத்தவர் இறந்த வருடம் முடிந்து 60 வருடம் வரை அது உண்டு. ஆனால் காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்த படம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்தவருக்கே சொந்தமாம்!

யோசித்தால் நியாயம்தான். எங்கள் ஏற்காட்டுத் தோட்டத்து ஆரஞ்சைக் கேட்காமல் பறித்தால் நான் சும்மா இருப்பேனா?

சகோதரிகளே, கச்சேரி செய்த அப்பா, தாத்தாவின் படங்கள் நம் பரண் பெட்டிகளில் கிடக்கின்றனவே! மாலை போட்ட படம் வேண்டாம். கையில் வாத்தியத்தோடு, முகம் தெளிவாக இருப்பதாகத் தேர்ந்தெடுத்து, உரிமை நம்முடையதா என்று பார்த்துக் கொடுக்கலாம். கொடுத்தபின் யாரும், வியாபாரத்துக்குக்கூட, பயன்படுத்தலாம் என்பதால் வீட்டில் எல்லோரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மே மாதக் கோடை விழாவில் வாசிக்க வரும் கலைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, என் செல்போனிலேயே எடுக்கப்போகிறோம் நானும் என் மகளும். அதை யார் நீக்க முடியும்?

- ஒரு வாசகி, ஏற்காடு.