பதவியை வெறிதாக்கியவர் யார்?

அரசாங்க ஊழியர் ஒருவர் விடுமுறை பெறாது கடமைக்கு வாராதொழிந்தால், அவர் தமது பதவியை வெறிதாக்கிச் சென்றவராகக் கருதப்படுவார். தாபனக் கோவை அவ்வாறு கூறுகின்றது. சொல்லாமற் கொள்ளாமல் ஊரைவிட்டு ஓடியவர்களுக்கென எழுதப்பட்ட வாசகம் அது. சம்பளம் போதவில்லை என்று வீதிக்கு வந்தவர்கள் மீது அதனை ஏவிவிடும் வழக்கம் இந்நாட்டில் ஏற்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

1980 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், 300 ரூபா சம்பள உயர்வு கோரி அரசாங்க ஊழியரும் கூட்டுத்தாபன ஊழியரும் வேலைநிறுத்தஞ் செய்தனர். பாராளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மையைக் கையில் வைத்திருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தது. வேலைக்குத் திரும்பாதவர் யாவரும் பதவியை வெறிதாக்கினர் என்று ஒரே வரியில் தீர்ப்பாயிற்று. 40,000 பேருக்கு மேற்பட்டோர் நடுத்தெருவில் விடப்பட்டனர். விசாரணையும் இல்லை, விளக்கங் கேட்ட கடிதமும் இல்லை. அக்குடும்பங்களிற் பல பட்ட பாட்டை இங்கே எழுதப் புகுந்தால் இப்பத்தி போதாது.

2024 ஆம் ஆண்டு யூலையில் அதே வாசகம் மறுபடியும் தூசி தட்டி எடுக்கப்பட்டது. அதற்கு முன், யூன் 26 ஆம் திகதி கொழும்பிற் கூடிய ஆசிரியர்கள் மீது நீர்த்தாரையும் கண்ணீர்ப் புகையும் பாய்ச்சப்பட்டன. யூலை 8, 9 ஆம் திகதிகளிற் பல துறை ஊழியர்கள் சுகவீன லீவில் நின்றனர். அடுத்துப் புகையிரத நிலைய அதிபர்கள் பணியை நிறுத்தினர். கடமைக்குத் திரும்பாதோர் பதவியை வெறிதாக்கியவராகக் கருதப்படுவர் என்று அவர்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மறுபுறத்தில், அவ்விரு நாட்களும் வேலைக்கு வந்தவர்களுக்கு விசேட சம்பள ஏற்றமும் பாராட்டுச் சான்றிதழும் வழங்குவதென அமைச்சரவை தீர்மானித்தது. சம்பளத்தை உயர்த்தத் திறைசேரியிற் பணம் இல்லை என்றவர்களுக்கு, உயராத சம்பளத்தைப் பொறுத்துக்கொண்டவர்களைப் பாராட்டுவதற்கு மாத்திரம் பணம் இருந்திருக்கிறது!

அந்த வேலைநிறுத்த நாட்களில் ஒன்றில் நாம் ஓட்டமாவடிப் பக்கத்தில் நின்றோம். ஓர் அலுவலகத்தின் பூட்டிய படலைக்கு முன்னால், காணி அனுமதிப்பத்திரக் கடதாசிகளைப் பொலித்தீன் உறையிற் சுற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு ஒரு முதியவர் குந்தியிருந்தார். வாகனேரிப் பக்கம் வயல் செய்பவர். மூன்றாவது தடவையாக வந்திருக்கிறாராம். நம்மைக் கண்டதும் அவர் கேட்ட கேள்வியை அவருடைய வாக்கிலேயே தருகிறோம்: “இவங்க ஒரு நாள் வராட்டி ஒரு நாள் சம்பளந்தான் போகும் மகன். நான் ஒரு நாள் வயலுக்குப் போகாட்டி என்ட வெள்ளாமையே போகும். எனக்கு ஆரு சம்பளம் கூட்டித் தாற?”

இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க நாம் ஆயத்தமாக இல்லை. வேலைநிறுத்தத்தை ஆதரித்து மேடையிற் பேசுவோர் பலர் இக்கேள்வியைக் கேட்டவுடன் விவசாயியை விளக்கமற்றவர் என்று ஒதுக்கிவிடுகின்றனர். அது பிழை. 2021 ஆம் ஆண்டில் ஒரே இரவில் இரசாயனப் பசளையை நிறுத்தி இவருடைய வயலை வெளிறச் செய்தபோது, இவருக்காக எந்த அலுவலகமும் ஒரு மணி நேரமாவது கதவைச் சாத்தியதா? 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தால் விவசாயிக்கு ஓய்வூதியம் என்று ஓர் ஏற்பாடு செய்யப்பட்டதே. அந்தச் சில்லறைப் பணமும் இடையில் நிறுத்தப்பட்டபோது எந்த எழுதுவினைஞர் சங்கம் ஊர்வலம் போயிற்று? விவசாயி மனக்குறைப்படுவதற்கு நியாயம் உண்டு.

ஆயினும் அம்முதியவரிடம் நாம் வேறொரு கணக்கைச் சொன்னோம். வாழைச்சேனைக் காகித ஆலை நன்றாக ஓடிய காலத்தை அவர் அறிவார். இப்பகுதி வயல்களின் வைக்கோல் அந்த ஆலைக்குப் போயிற்று. ஆலைத் தொழிலாளியின் சம்பளம் ஓட்டமாவடிச் சந்தைக்கு வந்தது. யுத்தத்தில் ஆலை நொடித்ததும் சந்தையும் நொடித்தது. இன்று அந்த இடத்தில் நிற்பது யாருடைய சம்பளம்? ஆசிரியருடையது, தாதியுடையது, பிரதேச சபைத் தொழிலாளியுடையது. மாதக் கடைசியில் அரிசியையும் தயிரையும் ஆற்று மீனையும் விலை பேசி வாங்குகிறவர்கள் அவர்களே. 2022 செப்டெம்பரில் விலைவாசி முந்திய ஆண்டிலும் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறி நின்றது. சம்பளமோ நின்ற இடத்திலேயே நின்றது. நெடுங்காலம் 7,800 ரூபாவாகக் கிடந்த வாழ்க்கைச் செலவுப்படி 2024 இலேதான் 17,800 ரூபா ஆயிற்று. சம்பளக்காரன் அரைப்பட்டினி கிடக்கையில் விவசாயியின் விளைவை வாங்க வெளியூரிலிருந்தா ஆள் வரும்?

கொரோனா நோயால் மாண்டோரை அடக்க இந்நாட்டில் இடமில்லை என்றிருந்த கொடிய காலம் முடிந்து, 2021 மார்ச் மாதம் முதல் நாட்டின் எத்திசையிலிருந்தும் உடல்களைக் கொணர்ந்து அடக்கிய இடம் ஓட்டமாவடி மஜ்மா நகர். அந்தப் பணியில் இராணுவத்தினரோடு பிரதேச சபையின் ஊழியரும் நின்றனர். அவசர சேவை என்றால் எது என்று அவர்களுக்கு எவரும் வர்த்தமானி மூலம் அறிவிக்க வேண்டியதில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். சம்பளம் என்பது அரசாங்கம் மனமிரங்கிக் கொடுக்கும் கொடை அன்று. இதனை நாட்டுக்கு எடுத்துக் காட்டியவர் ஒரு தமிழ் எழுதுவினைஞர். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின்படி சிங்களத் தேர்ச்சி பெறவில்லை என்பதற்காக 1962 இல் கோடீஸ்வரனின் வருடாந்தச் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. உயர் நீதிமன்றமோ, ஊழியன் முடிக்கு எதிராகச் சம்பளத்துக்கு வழக்காட முடியாது என்றது. 1969 டிசெம்பரில் கோமறைக் கழகம் அத்தீர்ப்பைப் புரட்டியது: அரசாங்க ஊழியன் உழைத்த சம்பளத்துக்கு வழக்காடும் உரித்துடையவன்! மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற வினா உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டு விடை காணாமலே மாய்ந்தது. அது வேறு கதை. சம்பளம் உரிமை என்பது மாத்திரம் அன்று நிலைத்தது.

உரிமை உண்டு, ஆனால் சம்பளம் போதுமா போதாதா என்று நடுநிலையாகக் கேட்டுத் தீர்க்க ஒரு மன்றம் உண்டா? தனியார் ஆலைத் தொழிலாளிக்கு 1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் நடுத்தீர்ப்பையும் கைத்தொழில் நீதிமன்றத்தையும் வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 49 ஆம் பிரிவு, தொழில் கொள்வோனாக அரசாங்கம் நிற்குமிடத்தில் இச்சட்டம் பொருந்தாது என்று கதவை அடைக்கின்றது. ஆகவே அரசாங்க ஊழியன் மகஜர் கொடுக்கலாம், காத்திருக்கலாம், மறுபடியும் மகஜர் கொடுக்கலாம். அதன் பின்னர் அவன் வேலையை நிறுத்தினால் 1979 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம் காத்திருக்கிறது. அதன்படி இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை கடூழியச் சிறை விதிக்கலாம். வாசலை மூடிவிட்டு யன்னலாற் குதித்தவனைத் திருடன் என்பது எவ்வகை நீதி? 1947 யூன் மாதத்தில், தொழிற்சங்க உரிமைக்காக நடந்த அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது கொழும்பிற் பொலிசார் சுட்டுக் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் மடிந்தார். சுதந்திரம் வந்தது, 49 ஆம் பிரிவும் வந்தது.

இவ்வளவும் முழு நாட்டுக்கும் பொது. கிழக்கு மாகாணத்துக்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு. நமது ஆசிரியரிற் பெரும்பாலார் மாகாண சேவையினர். அவர்களுடைய குறையைக் கேட்க வேண்டியது மாகாண சபை. அந்தச் சபையின் காலம் 2017 செப்டெம்பர் கடைசியில் முடிந்தது. 2025 முடியும் வரையும் அதற்குத் தேர்தல் நடக்கவில்லை. ஏன்? 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் பழைய தேர்தல் முறையை நீக்கினார்கள். புதிய முறைக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரும் அதற்கு எதிராகவே வாக்களித்தார்! பழைய வீட்டை இடித்தாயிற்று, புதிய வீட்டுக்கு அத்திவாரமும் இல்லை. நடுவில் ஆளுநர் குடியிருக்கிறார். உள்ளூராட்சி மன்றங்களின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. 2023 மார்ச்சில் அவற்றின் காலம் முடிந்தது. தேர்தலுக்குத் திறைசேரி பணம் விடவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்த்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6 ஆம் திகதி. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் ஓட்டமாவடிப் பிரதேச சபைத் தொழிலாளி தன் குறையைச் சொல்ல மக்கள் தெரிந்த ஒருவரேனும் சபையில் இல்லை.

அப்படியாயின் நாம் கேட்கிறோம்: பதவியை வெறிதாக்கியவர் யார்? இரண்டு நாள் வாராத ஆசிரியரா? ஆண்டுக் கணக்கிற் சபை நாற்காலிகளை வெறிதாக வைத்திருந்தவர்களா?

இத்தகைய முடக்கம் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. வட அயர்லாந்து, சனத்தொகையில் ஏறத்தாழ நம் கிழக்கு மாகாணத்தை ஒத்தது. 2022 பெப்ரவரியில் அங்கே கூட்டாட்சி அமைச்சரவை முறிந்தது. ஒரு பெருங்கட்சி திரும்பிவர மறுத்தது. இலண்டன் அரசாங்கம் 330 கோடி பவுண் ஒதுக்கி, அதில் ஊழியர் சம்பளத்துக்கும் பங்கு வைத்து, அமைச்சரவை அமைந்தாலன்றிக் கொடோம் என்றது. அரசியல்வாதிகளின் பிணக்கில் தாதியின் சம்பளம் பணயமாயிற்று. 2024 யனவரி 18 ஆம் திகதி உறைபனியில் ஒன்றரை இலட்சம் ஊழியரளவில் வெளியே வந்தனர். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஒரே வரிசையில் நின்றனர். இரண்டு வாரம் கழித்து, பெப்ரவரி 3 ஆம் திகதி அமைச்சரவை மீண்டும் அமைந்தது. வேலைநிறுத்தம் ஒன்றே அதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. கட்சிகளுக்கிடையிற் பேரம் முன்னரே நடந்துகொண்டிருந்தது. ஆயினும் சம்பளத்துக்கும் சபைக்கும் உள்ள தொடர்பை அம்மக்கள் மறைக்கவில்லை.

நம் தொழிற்சங்கங்கள் அத்தொடர்பைக் காண மறுக்கின்றன. கொழும்பிலிருந்து கோரிக்கைப் பத்திரம் வருகிறது. இங்கே அதை வாசித்துக் கோஷமிடுகிறார்கள். 2021 இல் நூறு நாளுக்கு மேல் ஆசிரியர் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினர். சுபோதினி குழு சிபாரிசு செய்ததில் மூன்றிலொரு பங்கு கிடைத்தது. மற்ற இரண்டு பங்கையும் கேட்டுத்தான் 2024 இல் மறுபடியும் இறங்கினார்கள். இடையில் நட்டப்பட்டது யாருடைய பிள்ளைகள்? தனியார் வகுப்புக்குப் பணம் கட்ட வழியில்லாத வயற்காரனுடைய பிள்ளைகள். இதைச் சொன்னால் ஆசிரிய நண்பர்கள் நம்மீது கோபிப்பர், கோபிக்கட்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டது. ஆனால் பழைய படிகளை உள்ளே சேர்த்து, 2027 யனவரி வரை தவணை முறையிலே தருவதாக ஏற்பாடு. ஆகவே பிணக்கு தீர்ந்துவிடவில்லை, தள்ளிப்போயிருக்கிறது.

அடுத்த முறை வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் கோரிக்கை எழுதுவோருக்கு நாம் சொல்வது இது. பாலத்தின் இருபுறத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சம்பளத் திட்டம் ஒன்றே; ஒரே பத்திரத்தில் எழுதுங்கள். 49 ஆம் பிரிவைத் திருத்தி, திறைசேரியைக் கட்டுப்படுத்தும் சுயாதீனச் சம்பள மன்றம் வேண்டும் என்று எழுதுங்கள். மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி வேண்டும் என்று எழுதுங்கள். வைத்தியசாலையின் அவசரப் பிரிவும், பரீட்சை மண்டபமும், விவசாயியின் கடதாசிக்கு ஒரு மேசையும் வேலைநிறுத்த நாளிலும் திறந்திருக்கும் என்று உங்கள் பங்குக்கு வாக்குறுதி கொடுங்கள்.

சட்ட வாசகங்களை எழுதிக் கொடுக்கும் வேலையை நாம் ஏற்கிறோம். அந்த மேசை உண்மையாகவே திறந்திருக்குமானால் தாமும் கையொப்பம் இடுவதாக வாகனேரி முதியவர் சொல்லியிருக்கிறார்.