பள்ளிக்கூடமான கோயில்கள்

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கோயில்களின் வரலாற்றை எழுதுவோர் போர்த்துக்கேயர் காலத்தை விரித்துரைப்பர். 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்ததும் ஒரு வரியில் முடித்து ஆங்கிலேயர் காலத்துக்குத் தாவிவிடுவர். இடைப்பட்ட 137 ஆண்டுகளில் அக்கோயில்கள் எங்கே போயின? எங்கும் போகவில்லை. அவற்றுட் பல பள்ளிக்கூடங்களாயின.

சுரூபங்களை அகற்றிய புதிய ஆட்சியாளர், அதே சுவர்களுக்குள் பள்ளியும் சீர்திருத்தச் சபையின் ஆராதனையும் நடத்தினர். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய கோயிற்பற்றுகளைப் பால்டேயஸ் பாதிரியார் 1672இல் வெளியான தம் நூலில் விவரித்துள்ளார்.

ஆயினும் சட்டம் பயின்ற நம் கண்ணை உறுத்துவது சுவரன்று, தோம்பு. காணித்தோம்பு கமக்காரர் அறிந்ததே. பள்ளித்தோம்பு வேறு. ஞானஸ்நானமும் விவாகமும் அதிலே பதியப்பட்டன, பதிந்தவர் சட்டம்பியார். அரசு விதித்த முறைப்படி நடவாத விவாகம் சட்டத்தின் முன் விவாகமன்று. அவ்வாறாயின் பிள்ளைகளின் முதுசம் என்னாவது? கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்பதே மரணதண்டனைக்குரிய குற்றமாயிருந்த நாட்டில், 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசே வாஸ் அடிகளாரைச் சில்லாலை மக்கள் காத்தனர். அம்மக்களின் துணிவைப் போற்றுவோர், அவர்களுடைய காணியும் பிள்ளைகளின் பெயரும் பள்ளிக்கூட வாசலில் அடகு வைக்கப்பட்டிருந்தமையையும் எழுதுதல் வேண்டும்.

தேசாதிபதி மெயிற்லண்டின் 1806ஆம் ஆண்டு 4ஆம் இலக்கப் பிரமாணம் இந்த அடகை மீட்டது. கத்தோலிக்கர் தம் சமயத்தைத் தடையின்றி அனுட்டிக்கவும் அரச பதவிகளை வகிக்கவும் அது வழிசெய்தது. 1795 ஆகஸ்ட் 26இன் பின் கத்தோலிக்க முறைப்படி நடந்த விவாகங்கள், ஒல்லாந்தரின் விதிகளைப் பின்பற்றாவிடினும் செல்லுமென்றது. பதினொரு ஆண்டு பின்னோக்கிச் சென்ற நீதி! கட்டடங்களின் கதை வேறு. வட்டுக்கோட்டைக் கோயில் அமெரிக்க மிசனரிமார் கைக்குச் சென்றது. அங்கே 1823இல் செமினரி எழுந்தது. கத்தோலிக்கர் புதிய கோயில்களைக் கட்டிக்கொண்டனர். உரிமை மீண்டது, உடைமை மீளவில்லை.

1960ஆம் ஆண்டின் பாடசாலைச் சுவீகரிப்பை ஒல்லாந்தர் செயலோடு ஒப்பிடுவோர்க்கு ஒன்று கூறுவோம். 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் பள்ளிச் சொத்தை நட்டஈடின்றி எடுக்க இடமளித்ததைக் குறைகூற நமக்கும் நியாயமுண்டு. ஆனால் அச்சட்டத்தால் எவருடைய விவாகமும் செல்லாததாகவில்லை. எவருடைய பிள்ளையும் முதுசம் இழக்கவில்லை. ஒல்லாந்தர் பள்ளியின் குற்றம் அது அரசுப் பள்ளியாயிருந்ததன்று. விவாகத்துக்கும் முதுசத்துக்கும் அதுவே வாசலாயிருந்தது என்பதே.